வேலி பார்க்க வந்த ஜனாதிபதி

எங்கள் நார்த் பெல்டனில் யாருக்காவது தலைக்கனம் ஏறிவிட்டது என்று பட்டால், அவரை வேலி பார்ப்பவராகத் தேர்ந்தெடுத்துவிடுவோம். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஊர்க் கூட்டத்தில் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஆள் போட்டு முடித்து, பக்கத்து அறையிலிருந்து பீன்ஸ் வேகும் வாசனை வந்து எல்லோரும் நெளிய ஆரம்பிக்கும் நேரத்தில் அந்தப் பதவி வரும். இரண்டு பண்ணைக்காரர்களுக்கு நடுவே எல்லைத் தகராறு வந்தால் மூன்று பேர் நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, சகதி நிறைய உண்டு. ஒரு வருடம், புது டிராக்டர் வாங்கிய ஜோரில் அதை தேவாலயம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்த வால்டர் ஸ்பூனருக்குக் கொடுத்திருந்தோம்.

அடுத்த வருடம் நான் எழுந்து நின்று லைமன் ஹேசன் பெயரைச் சொன்னேன். லைமன் அமெரிக்காவின் ஜனாதிபதியாகி அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது.

கூடமே சிரித்தது. கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த பீஸ்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா வெர்னா, அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லைன்னு நெனைச்சியா?"

"மலைமேல வீடு இருக்கு. வரி கட்டறான். நம்ம வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கு. தலைக்கனம் ஏற இதைவிட நல்ல காரணம் இங்க வேற யாருக்கு இருக்கு?"

"அதுவும் சரிதான்," என்று பீஸ்லி சுத்தியலைத் தட்டினார்.

கைகள் எல்லாம் உயர்ந்தன. ஒருவன் மட்டும் உயர்த்தவில்லை. பின்வரிசையில் ஆரின் பிக்ஸ்பி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரினுடைய நிலமும் என் நிலமும் ஒட்டியவை. நடுவே இடுப்புயரக் கல்வேலி. பாசியும் வெள்ளைப் பூஞ்சையும் படிந்து, உலகம் உண்டான நாளிலிருந்து அங்கேயே நிற்பதுபோலத் தெரியும். வேலிக்கு என் பக்கத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. ஆகஸ்டில் என் கிணற்றில் வாளி தரையைத் தட்டும்போதும் அந்த ஊற்று நிற்காது. என் இருபத்திரண்டு மாடுகளும் அந்த ஊற்றை நம்பித்தான் இருந்தன. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மாடுகளை நம்பித்தான் நான் இருந்தேன்.

அந்த வேலி தப்பான இடத்தில் நிற்கிறது என்று ஆரினின் அப்பா ஐரா முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரான்ஸில் நடந்த பெரிய போரில் கோவேறு கழுதைகளை ஓட்டப் போய்விட்டுத் திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சுத்தான். 'பெரிய மேப்பிள் மரத்திலிருந்து மேற்கே, துளையிட்டு இரும்பாணி இறக்கிய பாறைவரை' என்று பத்திரத்தில் இருக்கிறது. எத்தனை தூரம் என்று இல்லை. ஆணியையும் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஐரா தன் மேப்பிள் மரத்தடியிலிருந்து காலடிகளை எண்ணிக்கொண்டே புறப்படுவார். வேலி ஏறி எங்கள் நிலத்தில் இறங்குவார். ஊற்றைத் தாண்டி, அங்கே இருந்த கற்குவியலின் அடியில் வந்து நிற்பார்.

"நாப்பத்தொண்ணு. எங்க அப்பா காட்டிக் குடுத்த கணக்கு. இதுக்கு அடியிலதான் இருக்கு."

"அது என் நிலத்துல பொறுக்கிப் போட்ட கல்லு ஐரா. கலைக்கறதுக்கு நீ யாரு? வீட்டுக்குப் போய்ப் படு," என்பார் என் அப்பா ஆசா கோல்பர்ன். அப்பா ஊர் நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குண்டுச் சத்தத்தில் ஐராவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஐராவுக்குப் பிறவியிலேயே பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். வாத்து நடை. எட்டு வயதில் நான் அந்தக் கற்குவியலின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, அவர் கிட்டே வரவர "முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு" என்று கத்துவேன். பிறகு இறங்கி, திரும்பிப் போகிறவர் பின்னாலேயே அதே நடையில் நடந்து காட்டுவேன். மற்ற பிள்ளைகள் புல்லில் விழுந்து புரளும். வளர்ந்த பிறகும் நான் விடவில்லை. அறுவடை விருந்துகளில் "வெர்னா, ஐராவைக் காட்டு" என்பார்கள், காட்டுவேன். அச்சு அசல் என்பார்கள். அதைப் பெருமை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

லைமனைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு முந்தைய அக்டோபரில் ஐரா இறந்துபோனார். அவரைப் புதைத்த மறுவாரமே ஆரின் வேலியைத் தாண்டி வந்து, ஊற்றை வளைத்து முளையடித்துக் கம்பி கட்டினான். கேட்டால், "அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றான். நான் கம்பியை வெட்டி அவன் பக்கம் எறிந்தேன். அவன் மறுபடி கட்டினான். அதற்குள் பனி விழுந்து எங்கள் இருவரையும் வீட்டுக்குள் அடைத்தது.

வேலி பார்ப்பவர் மூன்று பேரில் ஈனோஸ் டட்டில் ஆரினுக்கு மைத்துனன். வால்டர் ஸ்பூனரோ கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் சாய்கிற ஆள். மூன்றாவது ஆள் எனக்குச் சொந்தமாக இருந்தால்தான் ஊற்று தங்கும். அப்படி ஒருத்தனை எங்கள் வீட்டிலேயே வளர்த்திருந்தோம்.

லைமன் பன்னிரண்டு வயதில், தாய் தகப்பன் இல்லாமல், எங்கள் பண்ணைக்கு வேலைக்கு வந்தவன். சமையலறைக்கு மேலே இருக்கும் அறையில் படுத்தான். அப்பாவோடு பால் கறந்தான். எங்கள் மேசையில் சாப்பிட்டான். அவனைப் பட்டணத்துப் பள்ளிக்கும் பிறகு சட்டக் கல்லூரிக்கும் அனுப்பியது அப்பாதான். அவன் செனட்டராக இருந்தபோதுதான் எங்கள் மலைக்கு மின்கம்பம் வந்தது, பால் வண்டி ஏறுகிற மாதிரி தார் ரோடு வந்தது. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் எந்தச் சமையலறைக்குப் போனாலும் காலண்டருக்குப் பக்கத்தில் அவன் படம் மாட்டியிருக்கும். கல்லும் மாடும் தவிர வேறெதுவும் விளையாத மாநிலத்திலிருந்து ஒருத்தன் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானே என்று நாங்கள் ரேடியோவைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றோம். 'ஆசா கோல்பர்ன் வீட்டு மேசையில் நேர்மையைக் கற்றவர்' என்று பத்திரிகைகள் எழுதின. அவன் வாயால் மட்டும் அதை ஒரு தடவையும் சொன்னதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லோருக்கும் அனுப்பும் அதே அச்சடித்த அட்டையை ஊர் எழுத்தர் வெள்ளை மாளிகைக்கும் அனுப்பினார். பதவி ஏற்காவிட்டால் அபராதம் என்று அதில் போட்டிருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டே தபால்தலை ஒட்டினோம். பத்தாவது நாள் அவன் கைப்பட எழுதிய பதில் வந்தது. 'ஏற்கிறேன். வேலை இருந்தால் சொல்லுங்கள்.' அன்றிலிருந்து ஊரில் யாரும் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை. எழுத்தர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார்.

நான் உடனே எழுதிப் போட்டேன். மூன்றே வார்த்தை. 'நம்ம கிழக்கு வேலி.' இதற்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் இருந்தது. இவ்வளவு நாள் எதற்கு என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பெரிய மனிதன், ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் எங்கள் ஊரில் கரு ஈ கடிக்கும் காலம். சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று கறுப்புக் கார்கள் வந்தபோது ஊர் முழுவதும் என் மேய்ச்சல் நிலத்தில் நின்றிருந்தது. பளபளக்கும் சப்பாத்து போட்ட பாதுகாப்பு ஆட்கள் இறங்கி, சகதியில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டே கழுத்தில் அறைந்துகொண்டார்கள். லைமன் பழைய ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வெர்னா, இளைச்சிட்டியே."

"நீ ஊதிட்டே. அங்க நல்லா ஆக்கிப் போடறாங்க போல."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் சுட்டுக் கொண்டுவந்த டோனட்டை எடுத்துக்கொண்டு, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். எழுத்தர் முன்னால் கையை உயர்த்தி, பயமோ பட்சபாதமோ இல்லாமல் வேலி பார்ப்பேன் என்று பிரமாணம் எடுத்தான். ஜனவரியில் அவன் எடுத்த பிரமாணத்தை நாங்கள் ரேடியோவில் கேட்டிருந்தோம். அன்றைக்கு இருந்த குரல் இன்றைக்கு இல்லை. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

ஆரின் எட்டத்தில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

லைமன் முதலில் வேலியிடம் போனான். ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே வேலியோடு பத்துப் பன்னிரண்டு அடி நடந்தான். டட்டிலும் ஸ்பூனரும் இரண்டு பக்கமும் கூடப் போனார்கள்.

"பழைய வேலி மாதிரிதான் இருக்கு," என்றார் ஸ்பூனர்.

"மாதிரிதான் இருக்கும்," என்றான் லைமன்.

பிறகு திரும்பி, ஊற்றைத் தாண்டி, நேராகக் கற்குவியலிடம் போனான். கோட்டைக் கழற்றி ஒரு பாதுகாப்பு ஆளிடம் கொடுத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். குனிந்து மேலே இருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். அடுத்த கல்லை எடுத்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதுகாப்பு ஆட்களுக்குத் தலைவன் போலிருந்தவன் ஓடினான்.

"ஐயா, நீங்க விடுங்க. நாங்க எடுக்கறோம்."

"வேண்டாம் தம்பி. நான் வெச்சது. நான்தான் எடுக்கணும்."

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐம்பத்தைந்து வயது மனிதன், கையில் ரத்தம் கசிய, ஒரு ஆள் உதவியும் வாங்காமல் அந்தக் குவியலைக் கலைத்தான். பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் கேமராவை உயர்த்தினான். பாதுகாப்பு ஆள் குறுக்கே போய் நின்றான். "எடுக்கட்டும் விடு," என்றான் லைமன், நிமிராமலே. ஈ மொய்த்தது, யாரும் விரட்டவில்லை. உலகத்தில் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாத ஒருத்தன், எங்கள் கல்லுக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். என் உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

அடிக் கற்களுக்குக் கீழே புல்வேர் மக்கிய கறுப்பு மண். அதைக் கையால் வழித்தான். பாறை தெரிந்தது. பாறையில் ஒரு துளை. துளைக்குள் துருவேறிய இரும்பாணி.

லைமன் அப்படியே மண்டியிட்டபடி ஆரினைப் பார்த்தான்.

"ஆரின், அப்ப எனக்குப் பதினாறு வயசு. உங்க அப்பா பிரான்ஸ்ல இருந்தாரு. உங்க அம்மா உன்னைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருந்தாங்க. இந்த இடம் ரோட்டுலேர்ந்து தெரியாது. ஆசா வேலியை நகத்தச் சொன்னாரு. ஒரு எருதை வெச்சுக்கிட்டு ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நகத்தினேன். பாசி புடிச்ச பக்கம் வெளிய தெரியற மாதிரி அடுக்குன்னாரு, அப்படியே அடுக்கினேன். ஆணியைப் புடுங்குன்னாரு. அது மட்டும் வரல. மேல கல்லைப் போட்டு மூடிட்டேன்."

எனக்கு நாலு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா சமையலறையில் உட்கார்ந்து லைமனின் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேல் ஞாபகம் இல்லை. ஆனாலும் நான் வாயை மூடவில்லை, அது என் குணம்.

"லைம், என்ன பேசறே நீ? எங்க அப்பா போட்ட சோத்தைத் தின்னுட்டு, அவரு இல்லாதப்ப அவரு பேரைக் கெடுக்கறியா?"

"ஆமா வெர்னா. அந்தச் சோத்துக்காகத்தான் முப்பத்தொம்பது வருஷம் வாயைத் தொறக்கல. படிக்கப் போனேன். பெரிய ஆளாயிட்டேன். அப்புறம், போயும் போயும் ஒரு வேலிதானேன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்."

"ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. வராமலே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். மூணு வாரம் அதைத்தான் யோசிச்சேன். எவ்வளவோ பெரிய காகிதமெல்லாம் வருது, கையெழுத்துப் போட்டுட்டுத் தூங்கிடறேன். உன்னோட மூணு வார்த்தையை வெச்சுக்கிட்டுத் தூங்க முடியல." அவன் கையைப் பார்த்துக்கொண்டான். "ஐரா ஒவ்வொரு வருஷமும் வந்து இங்க நிப்பாரு. நான் அந்தக் கொட்டகை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். என்னைப் பாத்து ஒரு தடவை கேட்டாரு, தம்பி உனக்கு ஏதாவது தெரியுமாடான்னு. தெரியாதுன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் ஊற்று, என் அப்பா, இரண்டும் ஒரே காலையில் போய்விட்டன. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பெயர் தெரியாது. தேவாலயத்தில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

டட்டிலும் ஸ்பூனரும் தலையை ஆட்டினார்கள். எழுத்தர் தன் புத்தகத்தை, ஸ்பூனர் ஓட்டிவந்த டிராக்டரின் மேல் விரித்து வைத்து எழுதினார். எல்லை ஆணியிலிருந்து ஆரம்பிக்கிறது, ஊற்று பிக்ஸ்பி நிலத்தில் இருக்கிறது, வேலியைப் பழைய இடத்தில் கட்ட வேண்டும். லைமன் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே 'வேலி பார்ப்பவர்' என்று எழுதினான். வேறு பதவி எதையும் எழுதவில்லை. இன்றைக்கும் ஆட்கள் தூர ஊர்களிலிருந்து வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"என் மாட்டுக்குத் தண்ணி?" என்றேன் லைமனிடம்.

"அதை என்னைக் கேட்டா? ஆரினைத்தான் கேக்கணும்."

நான் ஆரின் பக்கம் திரும்பினேன். அவன் ஆணியின் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரின், ஆகஸ்ட்ல என் கிணறு வத்திடும். உனக்கே தெரியும்."

"தண்ணியை அப்புறம் பாக்கலாம்," என்றான். "நீ எங்க அப்பாவைக் காட்டுவியே. இப்பக் காட்டு."

"ஆரின்..."

"விருந்துக்கு விருந்து காட்டினியே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவரு பக்கத்து ரூம்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தப்பவும் காட்டினியே. அதோ மரம். அங்கேருந்து நட."

நான் வேலி ஏறி மேப்பிள் மரத்தடிக்குப் போனேன். முதுகை மரத்தில் ஒட்டி நின்று, பிறகு சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்தொன்பதில் வேலி. ஏறி இறங்கி, ஊற்றைத் தாண்டி நடந்தேன். நாற்பத்தொன்று என்று நின்றபோது ஆணி எனக்குப் பின்னால், வெகு தூரம் தள்ளி இருந்தது.

"அப்பா இப்படியா நடப்பாரு?" என்றான் ஆரின்.

நான் வேண்டுமென்றுதான் அந்த நடையை விட்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால், அதுவும் அந்த ஆணியின் முன்னால், பாதத்தைத் திருப்ப எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவரு நடந்த மாதிரி நட. உன்னைத் தவிர அந்த நடை தெரிஞ்சவங்க இப்ப யாரும் இல்ல."

மறுபடியும் மரத்தடிக்குப் போனேன். இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கம் திருப்பினேன். தோளை ஐரா மாதிரியே கொஞ்சம் தொங்கவிட்டேன். என் உடம்பு அதை மறக்கவே இல்லை. சின்னச் சின்னக் காலடியாக, இடுப்பை ஆட்டி ஆட்டி, ஊர் முழுக்கப் பார்க்க, நாட்டின் ஜனாதிபதி பார்க்க, வாத்து மாதிரி நடந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேலியில் ஏறும்போது கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று என்று என் வலது கால் இறங்கிய இடத்தில், பூட்ஸின் முனைக்கு நேர் கீழே இரும்பாணி இருந்தது.

லைமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆரின் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு என் பாதங்களையே பார்த்தான். நான் அவற்றை நேராக்காமல் அப்படியே நின்றேன்.

"அப்பாவேதான்," என்றான் ஆரின்.

பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, மாடுகள் வழக்கம்போல வந்து குடித்துவிட்டுப் போகட்டும் என்றான்.